புதுப்பிப்பு: பஞ்சரான டயர் விஷயம், கடைசியில் இரண்டு மாற்றினேன்

முன் டயர் ஒன்று பக்கவாட்டில் கிழிந்துவிட்டது, ஒன்று மாற்றினால் போதுமா, இரண்டா, நான்குமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, இரண்டு என்று முடிவாகிவிட்டது. பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஒட்டு போடக் கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். மீதி மூன்றிலும் சாலையைத் தொடும் பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழத்தை அளந்தேன்: கிழிந்ததற்கு ஜோடியாக இருந்ததில் 4 மி.மீ., பின்னால் இரண்டிலும் 6, புதியதில் 8. முன்னால் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 4 என்று போட்டால் ஈரச் சாலையில் இரண்டும் ஒரே மாதிரி பிடிக்காது. என்ஜின் நான்கு சக்கரங்களையும் இயக்கும் வண்டி என்றால் கதை வேறு, புதிய டயருக்கும் தேய்ந்த டயருக்கும் உள்ள சுற்றளவு வித்தியாசம் டிஃபரன்ஷியலை (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பாகம்) தேய்த்துவிடும், அதனால்தான் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். என்னுடையது முன்சக்கர இயக்கம், தப்பித்தேன்.

அப்புறம், புதியவை பின்னால், பழைய பின் டயர்கள் முன்னால். தலைகீழாகத் தோன்றும்தான், ஆனால் மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். ஜோடி போன அந்த 4 மி.மீ. டயர் இப்போது டிக்கியில் ஸ்டெப்னி. வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்புத் தேதி எண்ணையும் பாருங்கள், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.