பின் நிற்கிற ஓட்டை பூஜ்யம்: கடிகாரப் பல்சக்கரம் வெட்டிய அனுபவங்கள்

வீட்டிலேயே சுவர்க் கடிகாரம் செய்கிறேன் என்றால் எல்லாரும் பெண்டுலத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது சுலபம்ங்க. ஒரு பக்கம் போக ஒரு நொடி என்றால் சுமார் 99.4 செ.மீ. நீளம், அவ்வளவுதான். என் உயிரை வாங்கியது 64 பல் பித்தளைச் சக்கரம்.

கணக்கு இப்படி: மணிக்கு ஒரு சுற்று சுற்றும் நடுச்சக்கரத்தில் 64 பல். அது 8 பல் பினியனை, அதாவது சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கும் 60 பல் சக்கரம் அடுத்த 8 பல் பினியனைச் சுழற்றும். 64/8 பெருக்கல் 60/8, சரியாக 60. ஆக, கடைசியில், பெண்டுலத்தின் ஆட்டத்துக்கு ஏற்பப் பல் பல்லாக விடுபடும் 30 பல் எஸ்கேப் வீல் நிமிடத்துக்கு ஒரு சுற்று போகும்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. தெரிந்த டர்னர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மில்லிங் மெஷினைத் தொட விட்டார். 3 மி.மீ. தகட்டை ஆர்பரில் (தகட்டைப் பிடிக்கும் தண்டு) இறுக்கி 53.4 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்தேன். கட்டர் 0.8 மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்). சக்கரத்தைச் சம பாகமாகத் திருப்ப உதவும் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று போகும். 64 பல்லுக்கு ஒவ்வொரு முறையும் 5/8 சுற்று. கைப்பிடியில் உள்ள 'பின்' என்ற சிறு ஆணி, பக்கத்துத் தட்டில் உள்ள ஓட்டை ஒன்றில் போய் நிற்கும்; 16 ஓட்டை வட்டத்தில் அதை 10 ஓட்டை தள்ள வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

64 வெட்டும் முடிந்து பார்த்தால், விளிம்பில் ஏறத்தாழ 17 மி.மீ. வெட்டாமல் வழுவழுவென்று நிற்கிறது, பல் முளைக்காத குழந்தையின் ஈறு மாதிரி. மெஷின் மேல் சந்தேகம், கட்டர் மேல் சந்தேகம், பித்தளை மேல்கூடச் சந்தேகம். அண்ணன் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பின் நிக்கிற ஓட்டையச் சேர்த்து எண்ணுனீங்களா?"

"ஆமாங்ணா."

"அது பூஜ்யம்ங்க."

பத்து தள்ளுவதாக நினைத்து ஒவ்வொரு முறையும் ஒன்பதுதான் தள்ளியிருக்கிறேன். தள்ள வேண்டிய அளவைக் காட்டும் செக்டர் கை இரண்டுக்கும் நடுவில், பின் நிற்பதையும் சேர்த்து, 11 ஓட்டை தெரிய வேண்டும் என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். இரண்டாவது தகட்டுக்கு 64 புளியங்கொட்டை எடுத்துப் போனேன். ஒரு வெட்டு, ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்கு. அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் நடுவில் வீட்டிலிருந்து போன் வந்தபோது கணக்கு விடாமல் காப்பாற்றியது அந்தக் கொட்டைதான்.

*

கோயம்புத்தூர்காரருக்கு என் பதில்: நீங்களாவது டிவைடிங் ஹெட் வைத்து ஏமாந்தீர்கள். மதுரையில் என்னிடம் இருப்பது ஒரு சின்ன லேத் மட்டும். அதனால் காகிதத்தை நம்பினேன். 15 மி.மீ. இடைவெளியில் 64 கோடு போட்டால் 960 மி.மீ. நீளப் பட்டை. அது அப்படியே சுற்றி வந்து நுனியும் நுனியும் முட்டும்படி பிளைவுட் வட்டத்தை 305.6 மி.மீ.க்குத் தேய்த்தேன். 300 மி.மீ. என்று வட்டத்தை முதலில் வெட்டிவிட்டு அப்புறம் 64-ஆல் வகுக்கப் போனால் 14.73 என்று வரும், பைத்தியம் பிடிக்கும்.

அந்த வட்டத்தை லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் பின்பக்க முனையில் மாட்டி, கூர்மையான ஒரு கம்பியை முள்ளாக வைத்துக் கோடு கோடாக நகர்த்தினேன். கோடு போட்டதில் ஒரு மி.மீ. பிசகினாலும், ஆறில் ஒரு பங்கு ஆரமுள்ள சக்கரத்தில் அது 0.17 மி.மீ.தான். கட்டருக்குப் பதில், உடைந்த டூல் பிட்டைப் பல்லிடுக்கின் வடிவத்துக்குச் சாணை பிடித்து ஒற்றை முனையோடு சுழன்று வெட்டும் ஃப்ளை கட்டராக்கி, லேத்தின் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடில் சின்ன மோட்டாரோடு பொருத்தினேன். சத்தம் பொறுக்காமல் பக்கத்து வீட்டு மாமா இரண்டு முறை வந்தார்.

60 பல்லுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். மரை வெட்ட லேத்தோடு வந்த கியர்களில் 60 பல் ஒன்று இருந்தால் அதையே வகுக்கும் தட்டாக்கிக்கொள்ளலாம். ஒன்று விட்டு ஒன்று தள்ளினால் 30 பல்லுக்கும் ஆயிற்று.

*

நானும் பேச்சில் சேர்ந்துகொள்கிறேன். பித்தளை விஷயத்தில் நான் பட்டது: பாத்திரத் தகட்டில் வெட்டாதீர்கள். இழுவையாக வரும், ஒவ்வொரு பல்லின் பின்னாலும் பிசிறு தொங்கும். 2 முதல் 3 சதவீதம் ஈயம் கலந்த பித்தளை கேட்டு வாங்குங்கள், துருவல் பொடிப் பொடியாக உதிரும். எண்ணெயே வேண்டாம். தகட்டின் பின்னால் உதவாத தகடு ஒன்றைச் சேர்த்து இறுக்கினால் பிசிறு அதில் போய்விடும். பினியன் மட்டும் எஃகு. தூசி பித்தளையில் பதிந்துகொண்டு எஃகை அறுக்கும் என்பதால் பழைய கடிகாரங்களில் தேய்ந்து கிடப்பது பெரும்பாலும் பினியன்தான், சக்கரம் இல்லை.

*

முதலில் எழுதியவன்தான். பிசிறு யோசனைக்கு நன்றி, மூன்று நாள் ஊசி அரத்தோடு உட்கார்ந்தது மிச்சமாகியிருக்கும்.

64 பல்லையும் பினியனையும் கோத்துப் பார்த்துவிட்டேன். மையத்துக்கு மையம் கணக்குப்படி 28.8 மி.மீ. அப்படியே துளை போட்டுவிடாமல் இரண்டு தண்டையும் நகர்த்தி, விரலால் சுழற்றி, இறுக்கம் போகிற இடத்தைக் குறித்தேன். 28.9-இல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அடுத்த ஞாயிறு 60 பல். 18 ஓட்டை வட்டத்தில் 12 தள்ள வேண்டும். செக்டர் கைக்கு நடுவில் 13.