என்.டி. ஃபில்டருக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்: வியாழனுக்குள்

மடல் 1: கேட்பவர், திருநெல்வேலி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒளிப்படக் கலையில் மாலை வகுப்பு நடத்திவருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாணவர்களைக் குற்றாலத்துக்கு அழைத்துச் செல்வதற்குள் எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். அருவி நீர் பால்போல் வழிவதாக எடுக்கும் படத்தைப் பற்றிய பகுதியில் ஒரு சொல் என்னை மூன்று நாள்களாக நிறுத்தி வைத்திருக்கிறது.

நல்ல வெயிலில் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்றும், லென்சின் துளையை எஃப் 16 என்றும் வைத்தால், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தாலே படம் சரியாக விழுந்துவிடும். நீர் வழிவது தெரிய அரை நொடி, ஒரு நொடி திறக்க வேண்டும். திறந்தால் படம் வெளுத்துப்போகும். ஆகவே நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை லென்சின் முன் திருகி மாட்டுகிறோம். கடையில் ‘என்.டி.’ (நியூட்ரல் டென்சிட்டி) என்று கேட்டு வாங்கும் இதற்கு ‘நடுநிலை அடர்த்தி வடிகட்டி’ என்று எழுதிக் காட்டினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, “எந்தப் பக்கமும் சேராத வடிகட்டியா சார்?” என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. அந்தச் சொல் அவளுக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறது. பிறகு அவளே, “கேமராவுக்குப் போடுற கூலிங் கிளாஸ்” என்றாள். வகுப்பு முழுவதற்கும் உடனே புரிந்துவிட்டது.

வெளிச்சம் பாதியாவதையோ இரட்டிப்பதையோ குறிக்கும் ‘ஸ்டாப்’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புள்ள தம்பிக்கு,

‘வடிகட்டி’ என்றதும் கஞ்சியும் தேநீரும்தான் நினைவுக்கு வருகின்றன. நன்னூலில் கடைமாணாக்கனுக்கு உவமையாக வரும் ‘நெய்யரி’யை நினைத்துப் பாருங்கள். நெய்யை ஒழுகவிட்டுக் கசண்டைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை அது. தேவையற்றதைத் தடுத்து மற்றதைச் செல்லவிடும் பொருளுக்கு ‘அரி’ என்னும் பழஞ்சொல் இருக்க, நாம் ஏன் வெளியே தேட வேண்டும்? ஒளி என்பதனோடு அரி சேர யகர உடம்படுமெய் தோன்றி ‘ஒளியரி’ ஆகும். நான்கே எழுத்துகளில் நாவுக்கு இதமான சொல். அரிவாள், அரிசி, அரித்தெடுத்தல் ஆகிய எல்லாமே பிரித்தல் என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று நான் கருதுகிறேன். இதைத் தனி மடலில் விரித்து எழுதுவேன்.

‘ஸ்டாப்’ என்பதை ‘நிறுத்தம்’ ஆக்கிவிடாதீர்கள். அது பேருந்துக்கு உரியது. ‘படி’ என்று சொல்லுங்கள். ஏறவும் இறங்கவும் அது இடம் தருகிறது.

மடல் 3: திருமண ஒளிப்படக்காரர், காரைக்குடி

ஐயா, உங்கள் சொல் அழகாக இருக்கிறது. ஆனால் ‘அரி’ என்றால் என் உதவியாளருக்கு முதலில் தோலரிப்புதான் நினைவுக்கு வரும். ஈரப்பதத்தில் லென்சைப் பூஞ்சை அரித்துவிட்டது என்று அன்றாடம் பேசுகிறவர்கள் நாங்கள்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மாட்டும் மஞ்சள் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்து வானத்தைக் கருமையாக்குகிறது. போலரைசர் தண்ணீர் மேலுள்ள பளபளப்பைத் தடுக்கிறது. இவை இரண்டும் தேர்ந்து தடுப்பவை. இவற்றை ஒளியரி என்றால் ஒப்புக்கொள்வேன். என்.டி. எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, எல்லா ஒளியையும் ஒரே அளவில் தணிக்கிறது. மலிவான கண்ணாடியில் படம் செம்பழுப்பாக வந்தால், அது தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைக் குறை என்றுதான் சொல்கிறோம். எனவே ‘ஒளித்தணிப்பி’ என்று வைக்கலாம்.

அருவிக்கு மட்டும் இது பயன்படுவதாக எழுதிவிடாதீர்கள். உச்சி வெயிலில், பின்னணி மங்கலாகத் தெரிய மணமக்களை லென்சின் துளையை எஃப் 2.8 என்று அகலத் திறந்து வைத்து எடுக்கிறேன் என்று கொள்ளுங்கள். அதே ஐஎஸ்ஓ 100-க்கு ஷட்டர் 3200-இல் ஒரு பங்கு நொடி திறந்தால் போதும். முகத்தில் விழும் நிழலைப் போக்க ஃபிளாஷ் அடிக்க வேண்டுமானால், என் கேமராவில் ஷட்டர் 200-இல் ஒரு பங்குக்கு மேல் விரைவாக ஓடக் கூடாது. ஓடினால் படத்தில் ஒரு பட்டை இருண்டுவிடும். வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காக்கும் நான்கு ஸ்டாப் கண்ணாடியை மாட்டினால் கணக்கு நேராகிறது. ஆனால் ஃபிளாஷ் வெளிச்சத்தையும் அது அதே அளவு குறைப்பதால், விளக்கின் வலுவைப் பதினாறு மடங்கு கூட்டியாக வேண்டும்.

மடல் 4: கணக்காசிரியை, ஈரோடு

நண்பர்களே, பெயரைவிட அளவுதான் மாணவரைக் குழப்புகிறது என்பது என் எண்ணம். ஒரே கண்ணாடியின் மேல் ஒரு நிறுவனம் ‘8’ என்றும், இன்னொன்று ‘0.9’ என்றும், மூன்றாவது ‘3 ஸ்டாப்’ என்றும் அச்சிடுகின்றன. மூன்றுக்கும் பொருள் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம் என்பதே.

தமிழில் அதற்கு ‘அரைக்கால்’ என்று பெயர் இருக்கிறது. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம், அரைக்கால்வீசம் என்ற வரிசையைச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் முன்னதில் பாதி; இரண்டில் ஒன்றில் தொடங்கி 128-இல் ஒன்று வரை, ஏழு ஸ்டாப்புகள் அப்படியே வரிசையாக நிற்கின்றன. காரைக்குடி நண்பர் மாட்டியது வீசத் தணிப்பி. குற்றாலத்துக்குப் பத்து ஸ்டாப் கண்ணாடி கொண்டுபோவதானால், அது அரைக்கால்வீசத்தில் அரைக்கால். 1024-இல் ஒரு பங்கு. நூறில் ஒரு பங்கு நொடி அப்போது ஏறத்தாழ 10 நொடியாக நீளும். என் ஆத்தா கடைக்கணக்கில் நாள்தோறும் சொன்ன இந்தப் பெயர்கள் வாய்ப்பாட்டிலிருந்து போய்விட்டன. திரும்பிவர இதைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை.

மடல் 5: தஞ்சாவூர்

அம்மா, உங்கள் மடலைப் படித்து மகிழ்ந்தேன். வீசத்தை நான் மறந்திருந்தது எனக்கு வருத்தமே. ஆயினும் கடையில் ஒரே பெட்டியில் கிடக்கும் கண்ணாடிகளுக்கு இனப்பெயர் ஒன்றுதான் இருக்க வேண்டும். ‘தணிப்பொளியரி’ என்றாவது வையுங்கள். ஒளித்தணிப்பியில் தகரம் மிகுவது சரியா என்பதும் எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

மடல் 6: திருநெல்வேலி

ஐயா, ‘பூச்சிக்கொல்லி’யில் ககரம் மிகுந்திருப்பதால் இங்கே தகரத்தை விட்டுவைக்கிறேன். எழுதிய ஒன்பது பேரில் ஆறு பேர் ஒளித்தணிப்பியை ஏற்றார்கள். அவர்களில் இருவர், அச்சகம் காத்திருப்பதால் ஏற்பதாக வெளிப்படையாகவே எழுதினார்கள். மஞ்சள் கண்ணாடிக்கும் போலரைசருக்கும் ஒளியரி என்றே அச்சிடுகிறேன். ஸ்டாப்புக்குப் படி. அரை முதல் அரைக்கால்வீசம் வரையுள்ள அட்டவணை பின்னட்டையில் வருகிறது.

அட்டவணையை இன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். கூலிங் கிளாஸ் என்று சொன்ன மாணவி தன் கண்ணாடியின் விளிம்பில் சிறு காகிதம் ஒட்டி, ‘அரைக்கால்’ என்று பேனாவால் எழுதிக்கொண்டாள்.

தகரத்தைப் பற்றிய தங்கள் தனி மடலை எதிர்பார்க்கிறேன்.