குறுக்கெழுத்துப் போட்டி: நான்காம் கட்டத்தில் தடுமாற்றம்

கேள்வி (ஆரையம்பதி)
வணக்கம். அப்பாவுடன் தினமும் காலையில் பத்திரிகையின் குறுக்கெழுத்தை நிரப்பி வருகிறேன். இன்று இடமிருந்து வலமாக ஏழு எழுத்தில் 'யாழ் நூல் தந்த அடிகள்' என்றிருந்ததால், விபுலானந்தர் என்று எழுதினோம். அதன் நான்காம் கட்டத்திலிருந்து கீழிறங்கும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு 'வாவிக்கரையில் வளை தோண்டும்' என்பதே குறிப்பு. நண்டு என்றே தோன்றுகிறது. ஆனால் முதற் கட்டத்தில் 'ன' நிற்கிறது. அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. உதவுவீர்களா?

மறுமொழி (காரைதீவு)
தங்கச்சி, நண்டு சரியான விடைதான். தமிழில் எந்தச் சொல்லும் 'ன' என்னும் எழுத்தில் தொடங்காது என்பதால், பிழை குறுக்குச் சொல்லிலேயே இருக்க வேண்டும். எங்கள் ஊரில் 1892இல் பிறந்த அடிகளின் பெயரை விபுலாநந்தர் என்றும் எழுதுவர். 'ஆநந்தம்' என்னும் வடசொல்லின் நகரத்தை ('ந' என்னும் எழுத்தை) அப்படியே வைத்திருக்கும் வடிவம் அது. இரண்டிலும் எழுத்து ஏழே என்பதால்தான் எண்ணிப் பார்த்தும் உங்களுக்குப் பிடிபடவில்லை.

மறுமொழி (கல்முனை)
'திரும்பியுள்ளது', 'குழம்பியுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். 'எருமைத் தயிர் உறையும் பாத்திரம் (திரும்பியுள்ளது)' என்றால் சட்டியை 'டி, ட், ச' என்றே நிரப்ப வேண்டும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி அண்ணா. நகரத்தை இட்டதும் நண்டு பொருந்திவிட்டது.