80 80 வர வேண்டிய இடத்தில் 40 40: லைன் 21 கேப்ஷன் அனுபவங்கள்

பழையடேப்:
என்டிஎஸ்சி (அமெரிக்கப் பழைய டிவி முறை) படத்தின் 21-ஆம் வரியில் ஒளிந்து வரும் வசன எழுத்தை, அதாவது கேப்ஷனை, ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலரில் எடுத்தவர்கள் யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்க விஎச்எஸ் டேப், சிங்க் (வரி தொடங்கும் குறி) பிரிக்க எல்எம்1881 சிப், 16 மெகாஹெர்ட்ஸில் அட்மெகா328 ஏவிஆர். வசனம் இல்லாதபோது சீரியல் திரையில் 80 80 (ஹெக்ஸ் எண்ணில், இரண்டு வெற்று பைட்) என்று ஓட வேண்டும். ஓடியது. நடுநடுவே 40 40. 40-இன் எழுத்து @; யாருமே பேசாத காட்சியில் @@ என்று வந்து நிற்கிறது! பேரிட்டி (பைட்டில் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா என்ற சோதனை) தவறியிருந்தால் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் 40-இலும் ஒரே ஒரு 1தான், ஒற்றைப்படை பேரிட்டி கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுகிறது. சாம்பிள் எடுப்பது ஒரு பிட், அதாவது சுமார் 2 மைக்ரோசெகண்ட் பிந்துகிறது, அவ்வளவுதான். பிந்த வைத்தது, மில்லிசெகண்டு எண்ணும் மில்லிஸ் கணக்குக்காக ஓடும் டைமர்0 இன்டரப்ட் (நடுவில் புகுந்து ஓடும் நிரல்).

அது குறுக்கே வந்தாலும் டைமர்1-இன் கேப்சர் ரெஜிஸ்டரான ஐசிஆர்1 அசரவில்லை. சிங்க் எட்ஜ் வந்த கணத்தில் டைமர் எண்ணிக்கையை ஹார்டுவேரே அதில் பதித்துவிடுகிறது. இன்டரப்டுக்குள் நுழைந்ததும் டைமரின் இப்போதைய எண்ணிக்கையான டிசிஎன்டி1-இலிருந்து ஐசிஆர்1-ஐக் கழித்தால் எவ்வளவு தாமதம் என்று தெரிந்துவிடும். மீதி நேரம் மட்டும் காத்திருந்தால் போதும். டேட்டா வர 25 மைக்ரோசெகண்டுக்கு மேல் ஆகும் என்பதால் அவகாசம் தாராளம். @ ஒழிந்தது. பேரிட்டி ஏன் இருக்கிறது என்ற எரிச்சல்தான் இன்னும் போகவில்லை.

டொரன்டோவாசி:
சிங்க் எட்ஜிலிருந்து கணக்குப் போடுவதே எனக்கு உடன்பாடில்லை. அங்கிருந்து கிளாக் ரன்-இன் (டேட்டாவுக்கு முன் வேகம் காட்டும் அலை) தொடங்க 10.5 மைக்ரோசெகண்ட், அதிலும் அரை மைக்ரோசெகண்ட் முன்பின் இருக்கலாம். கால் பிட் அங்கேயே போச்சு. ரன்-இன் ஏழு சுற்று, 503 கிலோஹெர்ட்ஸ், அப்புறம் தொடக்க பிட்டுகள் 0 0 1. அந்த 1 ஏறும் எட்ஜைப் பிடித்து அதிலிருந்து எண்ணுவதுதான் முறை. நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் அலையை 0, 1 ஆக்கும் எல்எம்393 கம்பாரேட்டரில் ரன்-இன் ஏழுக்குப் பதில் சில நேரம் ஐந்துதான் வந்தது. அந்த வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. எல்எம்311 போட்டதும் ஏழும் வந்தன.

ஒற்றைஃபீல்டு:
என்னுடையது சின்னக் கதை. ஆங்கில வசனத்துக்கு நடுவே திடீரென்று ஸ்பானிஷ். இணையத்தில் கிடைத்த நிரல் எது எந்த ஃபீல்டு (படத்தின் பாதி) என்று சொல்லும் எல்எம்1881-இன் ஏழாம் பின்னைப் படிக்கவே இல்லை. ஃபீல்டு 1-இல் ஆங்கிலத் தடமான சிசி1, ஃபீல்டு 2-இல் ஸ்பானிஷ் தடமான சிசி3, இரண்டும் ஒரே வாளியில் விழுந்துகொண்டிருந்தன.

பழையடேப் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வரியை எண்ணும்போது ஃபீல்டின் தொடக்கத்தில் வரும் சமன்படுத்தும் பல்ஸ்களும் அரை வரிக்கு ஒன்றாக ஐசிஆர்1-இல் பதிவாகும். முந்தைய பதிவுக்கும் இதற்கும் வித்தியாசம் 508 டிக் (டைமர் எண்ணிக்கை) என்றால் அது அரை வரி, 1017 என்றால்தான் முழு வரி. இதைப் பிரிக்காமல் எண்ணினால் 21 என்று நினைத்து வேறெதையோ படிப்பீர்கள். கேப்சர் எட்ஜை (ஏற்றமா இறக்கமா) மாற்றினால், கேப்சர் நடந்ததைக் காட்டும் ஐசிஎஃப்1 ஃப்ளாக்கை அழித்தாக வேண்டும்; 1 எழுதினால்தான் அது அழியும். அட்மெகா8-இல் மூன்று டைமருக்கும் ஃப்ளாக் ரெஜிஸ்டரான டிஐஎஃப்ஆர் ஒன்றே. அங்கே ஆர்-சமம் (|=) போட்டு எழுதாதீர்கள், அப்போது எழுந்து நிற்கும் எல்லா ஃப்ளாக்கும் சேர்ந்து அழிந்துவிடும். நேரடியாக ஒரு பிட்டை மட்டும் எழுதுங்கள். பழைய பலகை வைத்திருந்தால்...

பழையடேப்:
பலகை 328 என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். இதில் டைமர் ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்ளாக் ரெஜிஸ்டர். 508 விஷயம் உதவும், நன்றி. டொரன்டோவாசி, 311-க்கு ஸ்லைஸ் அளவை (0, 1 பிரிக்கும் எல்லையை) எங்கே வைத்தீர்கள்? டேட்டா 50 ஐஆர்இ (வீடியோ மட்டத்தின் அளவு) என்றால் நான் 25-இல் வைத்திருக்கிறேன், இந்த டேப்பில் அது கொஞ்சம் உயரமாகத் தெரிகிறது.