மெல்லிய கருவிழி: 'எரிப்பு' வேண்டாம், 'ஒளிச்செதுக்கல்' என்போம்

வணக்கம்.

லேசர் பார்வைத் திருத்தத்தில் கருவிழித் திசுவை (கார்னியா, கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலம்) நீக்குவதை 'அப்லேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'எரிப்பு' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் பயன்படும் எக்சைமர் லேசர் கண்ணை எரிப்பதில்லை. 193 நானோமீட்டர் புறஊதா ஒளி மூலக்கூறுப் பிணைப்புகளை அறுக்கிறது. அறுபட்ட திசு துகளாய்ப் பறந்துவிடுகிறது. பக்கத்துத் திசு கருகுவதில்லை. 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். அவர் வைத்த பெயரும் ஒளியால் சிதைதல் என்றே பொருள்படும். ஆகவே 'ஒளிச்செதுக்கல்' என்கிறேன்.

கருவிழி மெல்லியதாக உள்ளவர்களுக்கு இந்தச் சொல் இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்கள் கேட்பதே "எவ்வளவு செதுக்குவார்கள், எவ்வளவு மிஞ்சும்?" என்றுதான். கருவிழியின் நடுத்தடிப்பு சராசரியாக 540 மைக்ரான். ஒருவருக்கு 480தான், பவர் மைனஸ் 8 என்று வைத்துக்கொள்வோம். லேசிக் முறையில் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் திறந்து, அதன் அடியில் செதுக்குகிறார்கள். அந்த மடலுக்கு 110 போகும். 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு பவருக்குச் சுமார் 12 வீதம் 96 செதுக்க வேண்டும். மிஞ்சுவது 274. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பழைய வரம்பு. இன்று 300 கேட்கும் மருத்துவர்கள் பலர். மடல் திரும்ப ஒட்டினாலும் கருவிழிக்குப் பெரிதாக வலுச் சேர்ப்பதில்லை. மிச்சம் போதாவிட்டால் கருவிழி நாளடைவில் புடைத்துவிடலாம்.

எனவே லேசிக்குக்கு 'மடல்வழி ஒளிச்செதுக்கல்', மடல் வெட்டாமல் மேலிருந்தே செதுக்கும் பிஆர்கே முறைக்கு 'மேற்பரப்பு ஒளிச்செதுக்கல்'. ஸ்மைல் என்ற இன்னொரு லேசர் முறையில் செதுக்கல் இல்லை. உள்ளே வெட்டிய மெல்லிய வில்லையைச் சிறு கீறல்வழி வெளியே எடுக்கிறார்கள். 'வில்லை உருவல்' பொருந்தும். கண்ணுக்குள் கூடுதலாக ஒரு வில்லையைப் பொருத்தும் ஐசிஎல் முறையில் கருவிழியைக் குறைப்பதே இல்லை. இயற்கை வில்லையும் அப்படியே இருக்கிறது. அதைத் 'துணைவில்லை' எனலாம்.

---

ஐயா, வணக்கம்.

ஒளிச்செதுக்கல் எனக்கும் உடன்பாடே. 'மேற்பரப்பு' மட்டும் உறுத்துகிறது. கேட்பவர்கள் அதை மேலோட்டமான, வலியில்லாத சிகிச்சை என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குவதால் முதல் சில நாள் வலி லேசிக்கைவிட அதிகம், பார்வை தெளியவும் நாளாகும். அதிக பவருக்குக் கருவிழி மங்கும் அபாயமும் உண்டு. 'மடலில்லா ஒளிச்செதுக்கல்' என்றால் மெல்லிய கருவிழிக்காரருக்குத் தேவையான செய்தி பெயரிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. தடிப்பளவு போதும் என்றாலும், கருவிழியின் வடிவத்தை அளந்து காட்டும் படத்தில் கூம்புக் கருவிழியின் (கருவிழி கூம்பாகப் புடைக்கும் நோய்) சாயல் தெரிந்தால் லேசிக் கூடாது. அந்தப் படத்துக்கும் ஒரு சொல் வேண்டும். 'கருவிழி வரைபடம்' போதுமா, 'மேடுபள்ள வரைபடம்' என்று விளக்கமாகவே வைப்போமா?