ரெட்டினா (விழித்திரை) பிரச்சனை, ஆபரேஷன்: நம்ம பக்கத்து ஆளுக அனுபவம்

காரைக்குடி

எனக்கு சின்ன வயசுல இருந்தே மைனஸ் பவர் ஜாஸ்தி, ரெண்டு கண்ணும் 8க்கு மேல. போன வருசம் வலது கண்ல திடீர்னு கறுப்பு கறுப்பா புள்ளி மிதக்க ஆரம்பிச்சிருச்சு, இருட்டுல கண்ணத் திருப்புனா ஓரத்துல பளிச் பளிச்னு வெளிச்சம் வேற, ஆனா வலி துளி கூட இல்ல. வீட்ல அயித்தை "இது பொரைதான்யா, முத்தட்டும், பிள்ளையார் நோன்பு கழிச்சுப் பாத்துக்கலாம்"னாக. அவுகளச் சொல்லிக் குத்தமில்ல, நம்ம ஊர்ல கண் ஆபரேஷன்னாலே பொரை ஆபரேஷன்தான் தெரியும். பொரை காத்திருக்கும், ரெட்டினா காத்திருக்காது. பாக்குறவுக எல்லார்ட்டயும் நான் இதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

மறுநா காலைல வளவுல உக்காந்து இடது கண்ணப் பொத்திப் பாத்தா, மூக்குப் பக்கம் கீழ ஒரு நிழல், எதுத்தாப்ல இருக்க தூணுக்கு அடிப்பக்கமே தெரியல. உடனே மதுரைக்குக் கிளம்பிட்டோம். 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் அங்கதான இருக்கு, திருப்பத்தூர், மேலூர் வழியா போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிரலாம், இது நமக்கு எவ்வளவு பெரிய கொடுப்பினைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

சொட்டு மருந்து விட்டு கண்மணி விரிஞ்சதும் படுக்க வச்சு, டாக்டர் தலைல லைட்ட மாட்டிக்கிட்டு சின்னக் கம்பி மாதிரி ஒண்ணால கண்ண ஓரத்துல அமுக்கி அமுக்கிப் பாத்தாக, அந்த டெஸ்ட் மட்டும் கொஞ்சம் வலிச்சது. கண்ணுக்குள்ள இருக்க ஜெல் சுருங்கி ரெட்டினாவ இழுத்துக் கிழிச்சிருக்காம், அந்தக் கிழிசல் வழியா தண்ணி பின்னாடி போயி, பழைய வீட்டுச் சுவத்துல ஈரம் ஏறி பூச்சு பொடைச்சுக்கிட்டு வருமே, அப்படிக் கழண்டுக்கிட்டு வருதாம். நடுவுல இருக்க மாக்குலா இன்னும் ஒட்டியிருக்கு, அதுவும் கழண்டா படிக்கிற பார்வை பழையபடி திரும்புறது கஷ்டம், அதுக்குள்ள பண்ணிரணும்னாக.

கண்ணுக்குப் பக்கத்துல ஊசி போட்டு மரத்துப்போக வச்சுத்தான், உள்ள இருக்க அந்த ஜெல்ல எடுக்குற விட்ரெக்டமி ஆபரேஷன் பண்ணாக, நான் முழிச்சுதான் இருந்தேன், பேச்சுச் சத்தமெல்லாம் கேட்டுச்சு. அப்புறம் உள்ள கேஸ் நிரப்பி விட்டாக. ஆபரேஷன விட அதுக்கப்புறம் குப்புறக் கெடக்குறதுதாங்க பாடு, கழுத்தும் முதுகும் கழண்டு போயிரும், ஆனா கேஸ் கிழிசல அமுக்கிப் பிடிக்கணும்னா டாக்டர் சொன்ன பக்கம் தலைய வச்சே ஆகணும், அதுல மட்டும் யாரும் ஏமாத்திராதீக. கேஸ் கரையக் கரைய மேல இருந்து பார்வை தெளிஞ்சு வரும், நடுவுல ஒரு கோடு தண்ணி மட்டம் கணக்கா ஆடிக்கிட்டே கீழ எறங்கும். எனக்குப் போட்டது சி3எஃப்8, அது 6 வாரம் 8 வாரம் வரைக்கும் உள்ள இருக்கும். அது வரைக்கும் ஃப்ளைட்டும் கூடாது, கொடைக்கானலும் கூடாது, மேல போனா கேஸ் விரிஞ்சு கண்ணுல பிரஷர் ஏறிரும். பினாங்குல அண்ணன் வீட்டு விசேசத்துக்கே போகல.

இப்ப அதே கண்ல பொரை வந்திருக்கு, விட்ரெக்டமி பண்ணா அது சீக்கிரம் வரும்னு முன்னாடியே சொல்லிட்டாக. இடது கண்லயும் ஓரம் மெலிஞ்சு ஓட்டை இருந்துச்சு, அதுக்கு லேசரோட முடிஞ்சிருச்சு, படுக்கை கூடத் தேவைப்படல. பொரை ஆபரேஷன நெனச்சா இப்பவும் உள்ளுக்குள்ள பயந்தான். நல்லாத் தெரியுற கண்ணு ஒண்ணே ஒண்ணா இருக்கும்போது மத்தவுகளுக்குச் சின்ன ஆபரேஷனா தெரியுறது நமக்குச் சின்னதில்ல.

தேவகோட்டை

தம்பி, எங்க அப்பச்சிக்கு ரொம்ப வருசமா சுகர். முகப்புல உக்காந்துகிட்டு ஆத்தங்குடிக் கல்லுல கோடெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு தெரியுதுன்னாக, நாங்க கண்ணாடிதான் மாத்தணும்னு நெனச்சோம். பாத்தா சுகர்னால மாக்குலாவுல நீர் கோத்திருக்கு. கண்ணுக்குள்ள ஊசின்னதும் வீடே அழுதுச்சு, அப்பச்சி என்னன்னா "எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்லத்தா"ன்னு சிரிச்சுக்கிட்டு வாராக. இப்ப உள்ள ரத்தம் கசிஞ்சு ரெட்டினாவையும் இழுக்குது, ஆபரேஷன் பண்ணி சிலிக்கான் ஆயில் வைக்கணுங்குறாக. ஆபரேஷன்னா மட்டும் அப்பச்சி வேணவே வேணாங்குறாக. அந்த ஆயில் தானா கரைஞ்சிருமா தம்பி?

காரைக்குடி

இல்ல ஆச்சி, கேஸ்தான் தானாக் கரையும், ஆயில் கரையாது. பெரும்பாலும் சில மாசம் கழிச்சு இன்னொரு ஆபரேஷன் பண்ணி எடுப்பாக. இத இப்பவே அப்பச்சிட்ட சொல்லிருங்க, பின்னாடி தெரிஞ்சா மனசு விட்டுருவாக. எவ்வளவு பார்வை திரும்பும்னு டாக்டர்ட்ட நேராக் கேளுங்க, கேக்கக் கூச்சப்படாதீக. ரத்தம் நீர்க்குற மாத்திரை சாப்பிடுறாகன்னா சீட்டக் கையில கொண்டு போங்க, நீங்களா நிறுத்திராதீக. இன்னொரு கண்ணையும் நல்லா பாக்கச் சொல்லுங்க, சுகர் ரெண்டு கண்ணையும்தான் பிடிக்கும். அப்பச்சி சம்மதிச்சா சாயங்காலம் நான் வந்து பேசுறேன், குப்புறப் படுக்க தலையணைய எப்படி வைக்கணும்னு காட்டியும் குடுத்துட்டு வாரேன்.