பள்ளிச் சீருடை கட்டாயம் வேண்டுமா?

கேள்வி (கோபி): மகள் ஒன்பதாவது, தனியார் பள்ளி. இந்த வருடம் சீருடை நிறத்தையே மாற்றிவிட்டார்கள். துணியும் அங்கேயே வாங்க வேண்டுமாம். சீருடை கட்டாயம் தேவைதானா?

ஈரோடு தையல்காரர்: தேவைங்க. ஜூன் வந்தால் எனக்குப் பிழைப்பே சீருடைதான், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாவது வரை அரசே வருடம் 4 செட் இலவசமாகத் தருகிறது. அந்தத் துணி எங்கள் பக்கத்து விசைத்தறிகளிலும் ஓடுகிறது. சீருடை இல்லையென்றால் தீபாவளிச் சட்டையையே திரும்பத் திரும்பப் போடும் பையன் தனியாகத் தெரிவான். நிறம் மாற்றுவது மட்டும் சுத்த வியாபாரம். பாவாடையில் மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்க, அடுத்த வருடமும் ஆகும்.

பல்லடத்திலிருந்து ஒருவர்: சீருடை சரி, ஏப்ரல் வெயிலில் கழுத்தில் டை எதற்குங்க?

கோபி: டையைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறேன். மடிப்புக்கு நன்றிங்கண்ணா.